சிவகாசியிலிருந்து ஐரோப்பா: 90 நாள் கணக்கை முதல்முறை போடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2023 மார்ச் 3 அன்று காலையில் பிராங்க்பர்ட்டில் இறங்கினேன். ஷ்டுட்கார்ட்டில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாத் தாளில் மார்ச் 1 முதல் ஜூன் 13 வரை என்று அச்சாகியிருந்தது. டிக்கெட் எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ் அண்ணாச்சி அதைப் பார்த்துத்தான் ஜூன் 10-க்குத் திரும்பும் டிக்கெட் போட்டார். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு சாயங்காலம் பேரனைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை என் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "அத்தை, நீங்க மே 31-க்குள்ள கிளம்பியாகணும்" என்றார். "ஜூன் 13 வரைக்கும் போட்டிருக்கே மாப்பிள்ளை?" என்றேன். அவர் அந்தத் தாளில் இருந்த 90 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினார். அதுவரை அந்த எண்ணை நான் கவனிக்கவே இல்லை. டிக்கெட்டை மாற்றக் கட்டிய பணத்தை மறந்துவிட்டேன். பேரன் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நேரத்தில், இன்னும் இருக்கிறது என்று நம்பியிருந்த பத்து நாள் கைவிட்டுப் போனதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

எங்களுக்குச் சிவகாசியில் காலண்டர் பைண்டிங் பட்டறை. தேதித் தாளை அடுக்குவதும் கட்டுவதும்தான் பிழைப்பு. அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டில் ஐரோப்பா பேச்சு வந்தாலும் பாஸ்போர்ட்டோடு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: விசா இல்லாமல் போக முடியுமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளுக்கு விசா இல்லாமல் போக முடியாது. செர்பியா கொஞ்ச காலம் நமக்கு விசா கேட்காமல் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையும் போய்விட்டது. ஆகவே "ஐரோப்பாவுக்கு 90 நாள் விசா வேண்டாம்" என்று எங்காவது படித்தால், அது மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற நாடுகளின் பாஸ்போர்ட்டுக்குச் சொன்னது. நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சொந்தம் உண்டு. லண்டனில் குடியேறி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிய ஈழத்தமிழர்களும் இந்த வகைதான். அவர்களுக்காக எட்டியாஸ் என்ற முன்அனுமதி ஒன்று வரவிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது தேவையில்லை. எட்டியாஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விசா வாங்கிப் போகிற நமக்கும், விசா இல்லாமல் வருகிற அவர்களுக்கும் தங்கும் நாள் கணக்கு ஒன்றுதான். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

படி 2: எந்த நாடெல்லாம் ஒரே கணக்கில் வரும்?

லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே கூடி, தங்களுக்குள் எல்லைச் சோதனையைக் கைவிடுவதாக ஒப்பந்தம் போட்டன. இன்று அந்தக் கூட்டில் 29 நாடுகள். குரோஷியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக உள்ளே வந்தன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை.

இந்த 29 நாடுகளையும் ஒரே வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாசல்படி தாண்டி உள்ளே வந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். அடுப்பங்கரையில் இருந்தாலும் முற்றத்தில் இருந்தாலும் நாள் ஒன்றுதான். ஜெர்மனியில் 90, பிறகு இத்தாலியில் 90 என்று தனித்தனியாகக் கிடையாது. இப்படி நினைத்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கும் சேர்த்து ஆறு மாதம் திட்டம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: விசாத் தாளை வாசியுங்கள்

தாள் கைக்கு வந்த அன்றே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று இடங்களைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது முதலாவது. அந்தக் காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், அது முடிவதற்குள் வெளியேறியும் ஆக வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவ்வளவு நாளும் தங்கலாம் என்று அர்த்தமில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது தனிக் கட்டத்தில் இருக்கும். எத்தனை முறை நுழையலாம் என்பது மூன்றாவது: 01 என்றால் ஒருமுறை, 02 என்றால் இரண்டு, மல்ட் என்றிருந்தால் பலமுறை.

ஒருமுறை விசாவில் தேதிக் காலம் தங்கும் நாளைவிட வழக்கமாக 15 நாள் கூடுதலாகவே இருக்கும். விமானம் தள்ளிப்போனால் நாள் குறையக் கூடாது என்பதற்காகக் கொடுக்கிற இடைவெளி அது. என் விசாவிலும் அப்படித்தான். மார்ச் 1 முதல் ஜூன் 13 வரை எண்ணினால் 105 நாள் வரும். தங்க அனுமதி 90 நாள். மார்ச் 3-ஐயும் சேர்த்து எண்ணினால் மார்ச்சில் 29, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31. தொண்ணூறு சரியாக மே 31-இல் முடிந்தது.

நுழைகிற நாளும் ஒரு நாள், வெளியேறுகிற நாளும் ஒரு நாள். இரவு பத்து மணிக்கு இறங்கினாலும் அன்றைய தேதி முழு நாளாகவே எழுதப்படும். சென்னையில் ஏறிய தேதி கணக்கில் வராது. ஷெங்கன் நாட்டில் முதன்முதலில் பாஸ்போர்ட் சோதனை முடிகிற தேதிதான் கணக்கு. "மூன்று மாதம்" என்று வாய்வழக்காகச் சொல்வதும் ஆபத்து. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை மூன்று மாதம்தான், நாளாக எண்ணினால் 92 வந்துவிடும்.

படி 4: 180 தாள் கட்டு

ஒருமுறை விசாவில் போய் வருபவர்களுக்கு மேலே சொன்னதே பெரும்பாலும் போதும். பலமுறை விசா கையில் இருப்பவர்கள்தான் இந்த இடத்தில் நின்று நிதானமாக வாசிக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் டெய்லி காலண்டர் தாள்கள் பின் அடிப்பதற்கு முன்னால் உதிரியாகக் கிடக்கும். அதில் தேதி வரிசையாக 180 தாளை எடுத்து ஒரு கட்டு வையுங்கள். மேலே இருப்பது இன்றைய தாள். அதற்குக் கீழே நேற்று, முந்தாநாள் என்று 180 நாள் பின்னால் போகும். ஐரோப்பாவில் இருந்த நாள்களின் தாளில் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலையில் புதுத் தேதித் தாளை மேலே வைத்து, அடியிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்துவிட வேண்டும். கட்டு எப்போதும் 180 தாள்தான். அதில் சிவப்புக் கோடு போட்ட தாள் ஒருநாளும் 90-ஐத் தாண்டக் கூடாது.

ஜனவரி 1-இல் தொடங்குகிற கணக்கும் இல்லை, விசா கொடுத்த தேதியில் தொடங்குகிற கணக்கும் இல்லை. நீங்கள் அங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

தேதி வைத்தே பார்த்துவிடலாம். காலண்டர் சீசன் முடிந்த ஓர் அச்சகக்காரர், ஒரு வருடப் பலமுறை விசாவில், 2026 ஜனவரி 10-இல் உள்ளே போய் பிப்ரவரி 10-இல் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் 22, பிப்ரவரியில் 10, ஆக 32 சிவப்புத் தாள். மறுபடி ஏப்ரல் 5-இல் போகிறார். மிச்சம் 58 நாள். ஏப்ரலில் 26, மே மாதத்தில் 31, ஜூன் 1 ஒன்று. ஜூன் 1 அன்று அவர் வெளியேறியாக வேண்டும். அன்றைக்குக் கட்டில் 90 சிவப்பும் இருக்கிறது.

அடுத்து எப்போது போகலாம்? ஜூலை 8 வரை வழியில்லை. ஜூலை 9 காலையில்தான் ஜனவரி 10-ஆம் தேதித் தாள் அடியிலிருந்து உருவப்படுகிறது. ஒரு சிவப்பு குறைகிறது, ஒரு நாள் கிடைக்கிறது. மறுநாள் ஜனவரி 11-ஆம் தாள் போகிறது. இப்படித் தினம் ஒன்று உதிர உதிர, தினம் ஒன்று சேரும். ஆகவே ஜூலை 9-இல் உள்ளே போனால் ஆகஸ்ட் 9 வரை 32 நாள் தங்கலாம். ஆகஸ்ட் 10 அன்று கட்டில் சிவப்பு 91 ஆகிவிடும். ஆனால் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டியவர் எப்படியும் அதற்கு முன்பே ஊருக்கு வந்தாக வேண்டும்.

ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பார்கள். தொடங்காது. புது விசா வாங்கினால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய நாள் அழியும் என்பார்கள். அழியாது. தொழில் விஷயமாகப் போன நாளும் இதே கட்டில்தான் சேரும். நம் அச்சகக்காரர்கள் டுசல்டார்ஃபில் நடக்கும் ட்ரூபா கண்காட்சிக்குப் போகிறார்கள். 2024-இல் அது மே 28 முதல் ஜூன் 7 வரை 11 நாள் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு, பழைய ஆப்செட் மெஷின் ஒன்றையும் போய்ப் பார்த்து வந்தால் இரண்டு வாரம். அதே வருடம் மகன் வீட்டுக்குப் போகிறபோது இந்த இரண்டு வாரத்தை மறந்துவிடுகிறார்கள்.

கையால் எண்ணிய பிறகு, ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் தங்கும்நாள் கணிப்பானில் தேதிகளைப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள். கடைசி நாளுக்கு டிக்கெட் போடாமல் மூன்று நாளாவது முன்னால் போடுங்கள்.

படி 5: பேறுகாலத்துக்குப் போகும் அம்மாக்கள்

என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இந்த வகைதான். ஏழாம் மாதம் போய் வளைகாப்பு நடத்திவிட்டு ஊர் திரும்பி, பிரசவத்துக்கு மறுபடி போகலாம் என்று நினைப்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் இரண்டு பயணமும் ஒரே 180 நாள் கட்டுக்குள் விழும். வளைகாப்புக்கு 20 நாள் தங்கியிருந்தால், பிரசவத்துக்கு 70 நாள்தான் மிச்சம். வளைகாப்பை அங்கே இருக்கும் சிநேகிதிகள் நடத்தட்டும். உங்கள் நாளைக் குழந்தைக்காகச் சேர்த்துவையுங்கள். இது என் அபிப்பிராயம், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

டாக்டர் சொன்ன தேதிக்கு 15 நாள் முன்னால் போனால், பிறந்த பிறகு 75 நாள் கிடைக்கும். தலைப்பிரசவம் தள்ளியும் போகலாம் என்பதால் ரொம்பவும் முன்கூட்டிப் போகாதீர்கள்.

கணக்கு ஆளுக்கு ஆள் தனி. இதுதான் பெரிய ஆறுதல். அம்மா முதலில் 90 நாள், அவர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சம்பந்தியம்மா வந்து அடுத்த 90 நாள் என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்துக்கொண்டால், பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் கை உதவி இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பக்குவத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க அந்த ஒரு வாரம் தேவை. இதைக் கல்யாணப் பேச்சு மாதிரி முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

90-க்கு மேல் வேண்டுமென்றால் அதற்குச் சுற்றுலா விசா வழியில்லை. நீண்டகால விசாவோ வசிப்பு அனுமதியோ வேண்டும். அதைத் தருவது அந்தந்த நாடு. ஜெர்மனியில் 2024 மார்ச் 1 அன்றோ அதன் பிறகோ முதன்முதலாக வசிப்பு அனுமதி வாங்கிய திறன் தொழிலாளர்கள், வருமானம், மருத்துவக் காப்பீடு போன்ற நிபந்தனைகளோடு பெற்றோரை அழைத்துக்கொள்ளச் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை அந்தத் தேதிக்குப் பிறகு போனவர் என்றால் விசாரிக்கச் சொல்லுங்கள். அப்படி அனுமதி வாங்கி அந்த நாட்டில் வசிக்கும் நாள்கள் இந்த 90-இல் சேராது.

படி 6: விண்ணப்பம்

அதிக நாள் எந்த நாட்டில் தங்குவீர்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அவற்றுக்கும் அந்தக் காப்பீடு கைகொடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் கொடுத்ததாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். நமக்கு வரும் பெரிய இடைஞ்சல் பெயர்தான். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, பேங்க் பாஸ்புக்கில் வீட்டுக்காரர் பெயர் என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும். பைண்டிங் வேலையிலும் தீப்பெட்டி வேலையிலும் விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை லேசில் பதியாது. எனக்கு நான்கு தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை, ஐந்தாவது தடவைதான் விழுந்தது. இரண்டு வாரம் முன்பிருந்தே ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, பசை வேலையிலிருந்து கையை ஒதுக்கிவையுங்கள்.

திரும்பி வருவீர்கள் என்று விசா அதிகாரிகள் நம்ப வேண்டும். வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, வீட்டுப் பத்திரம், ஊரில் இருக்கும் பிள்ளைகள் விவரம் எல்லாம் அதற்குத்தான். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ வாங்கி மொத்தமாகக் கணக்கில் போட்ட பணம் உதவி செய்யாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

2024 ஏப்ரல் 18 முதல் இந்தியர்களுக்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி, இரண்டையும் முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருடப் பலமுறை விசா தரலாம். அதற்கடுத்து, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், பொதுவாக ஐந்து வருட விசா. ஐந்து வருட விசாவிலும் 180-இல் 90 என்ற கட்டு மாறாது.

படி 7: கணக்கு ஓடாத நாடுகள்

நீண்ட பயணம் போகிறவர்கள் 90 தீர்வதற்குள் ஷெங்கனுக்கு வெளியே கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம். லண்டனில் சொந்தம் இருந்தால் பிரிட்டன் விசா தனியாக வாங்க வேண்டும். அதில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை இருக்கலாம், ஷெங்கன் கட்டில் ஒரு தாளும் சிவப்பாகாது. செல்லுபடியாகும் ஷெங்கன் பலமுறை விசா கையில் இருந்தால் அல்பேனியா, சைப்ரஸ், செர்பியா போன்ற நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல் போகும் வழியும் உண்டு. நிபந்தனை நாட்டுக்கு நாடு வேறு, மாறிக்கொண்டும் இருக்கும். டிக்கெட் போடுமுன் அந்தந்தத் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் விசா பலமுறை விசாதானா என்று பாருங்கள். ஒருமுறை விசாவோடு ஜெர்மனியிலிருந்து லண்டன் போய்விட்டால் மறுபடி ஜெர்மனிக்குள் நுழைய முடியாது.

படி 8: எல்லையில்

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். 2025 அக்டோபர் 12 முதல், நுழைவதும் வெளியேறுவதும் கம்ப்யூட்டரில் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முகத்தைப் படம் எடுப்பார்கள். நம் விரல் ரேகை விசா வாங்கும்போதே அவர்களிடம் போயிருக்கும். தங்கிய நாளை இனி அதிகாரி பக்கம் புரட்டி எண்ண வேண்டியதில்லை, ஒரு நாள் கூடினாலும் திரையில் தெரிந்துவிடும். பதிவு மூன்று வருடம் இருக்கும். வெளியேறிய பதிவே இல்லையென்றால் ஐந்து வருடம். அதனால் போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பதிவில் பிழை இருந்தால் காட்ட உதவும்.

நாடு விட்டு நாடு ரயிலில் போகும்போது சோதனையே இருக்காது என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் எல்லா நிலவழி எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை வைத்திருக்கிறது.

படி 9: உடம்புக்கு முடியாமல் போனால்

நாளைத் தாண்டித் தங்கினால் அபராதம் விழலாம், குறிப்பிட்ட காலம் நுழையத் தடை வரலாம், அடுத்த விசா கேட்கும்போது நிராகரிக்கலாம். பேரன் பேத்தியைப் பார்க்கும் வழி அடைபட்டுவிடும் என்பதுதான் நமக்குப் பெரிய தண்டனை.

ஆனால் மருத்துவமனையில் படுத்துவிட்டாலோ, விமானங்கள் மொத்தமாக நின்றுபோனாலோ நாள் நீட்டிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இப்படிக் கைமீறிய காரணத்துக்கும், மனிதாபிமானக் காரணத்துக்கும் கட்டணம் இல்லை. முக்கியமான சொந்தக் காரணம் என்றால் 30 யூரோ. விசாவில் உள்ள நாள் முடிவதற்கு முன்பே, அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு டாக்டர் கடிதத்தோடு போக வேண்டும். முடிந்த பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். இந்த அலுவலகத்தின் முகவரியைப் பிள்ளையிடம் கேட்டு முதல் வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது

பேத்திக்கு ஆசையாக ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு என்று எடுத்துவிடாதீர்கள். கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஊரிலேயே இருக்கட்டும். சாத்தூர் சேவு தாராளமாகப் போகலாம். என் மகள் வீட்டில் இரண்டு கிலோ ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த முறை மூன்று கிலோவாகக் கட்டச் சொல்லியிருக்கிறாள்.